தமிழ்த்துறை என்கிற பென்சில்வேனியா

1

இந்தக் கதை ஓர் ஏசியிலிருந்து பிறந்தது. மற்றவர்களுக்குக் கதை துக்கத்திலிருந்து பிறக்குமாம், கனவிலிருந்து பிறக்குமாம். எனக்குக் கல்லூரிக் கம்ப்யூட்டர் லேபின் ஏசியிலிருந்து பிறந்தது.

நான் சுந்தரமூர்த்தி. செஞ்சிக்கு வெளியே ஒரு தனியார் கலைக் கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். ஆடி பிறந்தும் அடங்காத வெயில். ஊரைச் சுற்றிய மூன்று கோட்டை மலையும் பகலெல்லாம் சூட்டைக் குடித்து வைத்துக்கொண்டு எங்கள் வகுப்பறை ஜன்னலுக்குள் துப்பும். தமிழ்த்துறை மின்விசிறி சுற்றும், காற்று மட்டும் வராது. ஏசி உள்ள அறைகள் இரண்டு. ஒன்று தாளாளர் ஜெயராமன் அறை. உள்ளே போனால் ஏதாவது வேலை கொடுத்துவிடுவார். இன்னொன்று லேப். அங்கே பாடம் நடத்தும் திரிசலா மேடத்திடம், கடைசி வரிசையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

"தாராளமா சார். தூங்கினா குறட்டை மட்டும் விடாதீங்க."

இப்படித்தான் ஒரு தமிழ் வாத்தியார் டேட்டா சயின்ஸும் அமெரிக்க அரசியலும் படித்தார்.

திரிசலா மேல்சித்தாமூர் ஜைனக் குடும்பம். ஒஹையோவில் தேர்தல் கருத்துக் கணிப்பு நடத்தும் நிறுவனம் ஒன்றில் பல வருடம் இருந்தவர். விசா முடிந்ததும் திரும்பிவிட்டார். (இங்கே ஒரு காதல் தோல்வியைச் செருகலாமா என்று பார்த்தேன். "விசாதான் சார், வேற ஒண்ணும் இல்ல" என்றார். கதை எழுதுகிறவன் வயிற்றில் அடிக்கிற மாதிரியான ஆள்.)

மாணவர்களுக்குப் புரியட்டும் என்று நம் தொகுதித் தேர்தல் புள்ளிவிவரங்களை வைத்தே பாடம் நடத்தலாம் என்றுதான் அவர் முதலில் கேட்டிருக்கிறார். தாளாளர் பதறிவிட்டார்.

"வேணாம்மா. உள்ளூர்னா பத்திக்கும். அமெரிக்காவ எடுத்துக்க. இன்னா வேணா சொல்லு, அவன் வந்து கேக்க மாட்டான்."

2

ராஜகிரிக் கோட்டையின் மீது கதிரவன் தன் செங்கதிர்களை—

நிறுத்திவிட்டேன். செஞ்சியைப் பற்றி எழுதுகிற எவனும் கோட்டையில்தான் ஆரம்பிக்கிறான். யுனெஸ்கோ வேறு பட்டியலில் சேர்த்துவிட்டது, இனி கேட்கவே வேண்டாம். எங்களுக்குக் கோட்டை என்பது சென்னையிலிருந்து சொந்தக்காரர் வந்தால் கூட்டிப் போய் மூச்சு வாங்குகிற இடம்.

தரவுகளின் காட்டில் தன்னந்தனியே நடந்தாள் அவள்—

இதையும் நான்தான் எழுதினேன். திரிசலா படித்துவிட்டு, "எந்தக் காடு சார்? லேப்ல எலிதான் இருக்குது" என்றார்.

"அதிகம் ஓட்டு வாங்கினவன் எப்பிடி மேடம் தோப்பான்?" என்றாள் திரிசலாவின் மாணவி அனு.

இது பரவாயில்லை. உயிர் இருக்கிறது. இதிலிருந்து போவோம்.

3

திரையில் அமெரிக்க வரைபடம். திரிசலா விளக்கினார்.

"ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை பிரதிநிதி வாக்குன்னு இருக்கு. பெரும்பாலான மாநிலத்துல ஒரே ஒரு ஓட்டு அதிகமா வாங்கினாலும் அந்த மாநிலத்து வாக்கு மொத்தமும் அவருக்கு. ஒருத்தர் பெரிய மாநிலத்துல மலை மாதிரி ஓட்டு வாங்கிட்டு, மத்த இடத்துல கொஞ்ச கொஞ்சத்துல தோத்தா, நாடு முழுக்க அதிகம் வாங்கியும் தோத்துடலாம். நடந்திருக்கு."

"இது போங்கு மேடம்" என்றான் விமல்ராஜ். அவலூர்பேட்டைப் பக்கத்துப் பையன். அவன் நைனாவுக்கு அங்கே விதைக் கடை. உயரமானவன், சிரித்த முகம், கல்லூரிக் கைப்பந்து அணியில் இருக்கிறான்.

"போங்குதான். அதனாலதான் வேட்பாளருங்க எல்லா மாநிலத்துக்கும் போக மாட்டாங்க. பென்சில்வேனியா மாதிரி ரெண்டு பக்கமும் சாயுற இடத்துலயே கெடப்பாங்க."

"இடைத்தேர்தல் மாதிரியா மேடம்? பிரியாணி உண்டா?"

இதைக் கேட்டவளும் அனுதான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் திரும்பிப் பார்த்து, "ஐயா முழிச்சிட்டுதான் இருக்காரு" என்றாள்.

4

அனு என்கிற பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அவளிடம் இல்லை, என்னிடம்.

அனந்தபுரத்துக்கு அருகே ஒரு காலனிப் பெண். அம்மா மீனம்பாள் நர்ஸ். வகுப்பிலேயே நன்றாகப் புரோகிராம் எழுதுகிறவள் அனுதான். இந்த மூன்று வாக்கியத்தை எழுதியதுமே என் பேனா ஒரு மாதிரி குழைய ஆரம்பித்தது. "அவள் விழிகளில் ஒரு தீ—" என்று போயிற்று. அடித்துவிட்டேன்.

முதல் வரைவை அவளிடம் கொடுத்தேன். படித்துவிட்டு வந்தாள்.

"ஐயா, நான் மூணு எடத்துல அழுவுறேன்."

"கதைக்குத் தேவைப்பட்டுது."

"நான் லேப்ல உக்காந்து பப்ஸ் துண்ணுட்டு கீபோர்டெல்லாம் தூளாக்கி மேடம்கிட்ட திட்டு வாங்கினேனே, அது எங்க? ரெக்கார்டு முழுக்க விமல்ராஜப் பாத்து எழுதினனே, அது எங்க? அதெல்லாம் வுட்டுட்டு அழுவ வக்கிறீங்க."

எனவே வாசகர்களே, இந்தக் கதையில் அனு அழமாட்டாள். பப்ஸ் தின்பாள்.

5

பாடத்தின் செய்முறைக்காகக் கல்லூரிக்குள் ஓர் அமெரிக்கத் தேர்தல் நடத்தலாம் என்று திரிசலா முடிவு செய்தார். ஒவ்வொரு துறையும் ஒரு மாநிலம்; கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று துறைக்கு ஒரே ஒரு பிரதிநிதி வாக்கு. கூட்டம் அதிகமான காமர்ஸ்தான் கலிஃபோர்னியா. ஆங்கிலம் புளோரிடா, கணிதம் ஒஹையோ, கம்ப்யூட்டர் சயின்ஸ் நியூயார்க். தமிழ்த்துறைக்குப் பென்சில்வேனியா மிச்சம் இருந்தது.

தாளாளருக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. சுதந்திர தின ஒத்திகைக்கு எல்லோரும் கூடியிருந்தபோது மைக்கைப் பிடித்து, ஜெயிப்பவர்தான் இந்த வருட மாணவர் மன்றத் தலைவர் என்று அறிவித்துவிட்டார். அதுவரை தலைவரை அவரே நியமிப்பார். விளையாட்டு அந்த நிமிடத்தோடு முடிந்தது.

இரண்டு பேர் நின்றார்கள்: விமல்ராஜ், அனு. அமெரிக்கக் கட்சிகளுக்கு நீலம், சிவப்பு என்று நிறம் உண்டு; அதற்குச் சீட்டுக் குலுக்க வேண்டாம், விருப்பப்படி எடுத்துக்கொள்ளட்டும் என்றார் திரிசலா.

"எனக்கு நீலம் வேணாம் மேடம்" என்றாள் அனு. "நான் ஏன் நீலம் எடுத்தேன்னு ஆளுக்கு ஒரு அர்த்தம் சொல்லுவாங்க. சிவப்பு குடுங்க."

அடுத்தது கருத்துக் கணிப்பு. யார் யாருக்குப் போடுவார்கள் என்று ஊகிக்க என்னென்ன கேட்க வேண்டும்? துறை, வருடம், ஆணா பெண்ணா, மதிப்பெண். அமெரிக்காவில் இனத்தை நேராகவே கேட்பார்கள் என்றார் திரிசலா.

"நாம ஜாதி கேக்கலாமா மேடம்?" என்று யாரோ கேட்டார்கள்.

"கூடாது."

"கேக்கவே வேணாம்" என்றாள் அனு. "எந்த ஸ்டாப்புல ஏறுறீங்கன்னு கேட்டா போதும்."



(வெளியூர் வாசகர்களுக்கு: எங்கள் பக்கம் பல கிராமங்களுக்கு இரண்டு பஸ் ஸ்டாப். ஊர் ஸ்டாப் ஒன்று, காலனி ஸ்டாப் ஒன்று. நடுவில் ஒரு கூப்பிடு தூரம்தான். கண்டக்டர் இரண்டு பெயரையும் ஒரே குரலில்தான் சொல்வார். இறங்குகிறவர்கள்தான் வேறு வேறு.)

திரிசலா பலகைப் பக்கம் திரும்பினார். பிறகு பலகையில் "பஸ் ஸ்டாப்" என்று எழுதினார். கேட்கும்போது பெயர் வேண்டாம் என்றும் சொன்னார்.

6

கணிப்பில் கிடைத்த பதில்களிலிருந்து ஓட்டை ஊகிக்கும் மாடலை ஓட்டியது அனு. முடிவு திரையில் வந்தது.

துறை, வருடம், மதிப்பெண் எதற்கும் பெரிய மதிப்பு இல்லை. ஸ்டாப் ஒன்றைச் சொன்னால் போதும், பத்தில் ஒன்பது பேரின் ஓட்டை மாடல் சொல்லிவிட்டது: ஊர் என்றால் விமல்ராஜ், காலனி என்றால் அனு. மொத்தத்தில் விமல்ராஜ் ஜெயிக்கிறான்.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. முந்தின நாள் வரை ஒரே டிபனைப் பகிர்ந்து தின்றவர்கள். நானும் விடைத்தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விமல்ராஜ் எழுந்தான். "நான் வாபஸ் வாங்கிக்கிறேன் மேடம்."

"ஏன்?" இது அனு.

"இல்ல... அசிங்கமா இருக்குது."

"உனுக்கு அசிங்கமா இருக்குதுன்னு எனுக்குத் தலைவர் பதவியா? தர்மம் பண்றியா? நில்லு. நின்னு தோத்துட்டுப் போ."

"தோக்கப் போறது நீதான். உன் மாடலே சொல்லுது."

"மொத்த ஓட்டுலதான் சொல்லுது. இங்க யாரு மொத்த ஓட்ட எண்ணப் போறா?"

அவள் துறைவாரியாகப் பிரித்துப் போட்டாள். காமர்ஸில் விமல்ராஜுக்கு மலை மாதிரி ஓட்டு. ஆங்கிலமும் அவனுக்கு. கணிதமும் கம்ப்யூட்டர் சயின்ஸும் நூலிழையில் அனுவுக்கு. மிச்சம் ஒரே ஒரு துறை, இரண்டு பக்கமும் சமமாக.

"பென்சில்வேனியா" என்றார் திரிசலா.

வகுப்பு முழுவதும் கடைசி வரிசைக்குத் திரும்பி என்னைப் பார்த்தது. பல வருடப் பணியில் தமிழ்த்துறையை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

7

அந்த வாரம் எங்கள் துறைக்குப் பொற்காலம். விமல்ராஜ் ஒரு கூடை நிறைய சமோசா கொண்டுவந்தான். அவன் நண்பர்கள் மின்விசிறியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்கள். அப்போதும் காற்று வரவில்லை, ஆனால் எண்ணம் நல்ல எண்ணம். திருக்குறள் ஒப்பித்தலுக்கு நடுவராக இருக்கிறேன் என்று ஒருவன் வந்தான். அவனை நான் விரட்டிவிட்டேன்.

அனு வெறுங்கையோடு வந்தாள். மூன்றாம் வருடத் தமிழ் மாணவி மஞ்சு எழுந்தாள். மஞ்சு பேச ஆரம்பித்தால் நானே கொஞ்சம் ஒதுங்கி நிற்பேன்.

"நீ ஜெயிச்சா எங்களுக்கு இன்னா?"

"லேப். வாரத்துல ஒரு மத்தியானம் தமிழ்த்துறைக்கு."

"எங்களுக்கு எதுக்குடி லேபு?"

"ஐயாவ கேளு, எதுக்குன்னு சொல்லுவாரு."

சிரிப்பு. நான் இருமினேன்.

"வெளையாட்டில்ல" என்றாள் அனு. "ஒரு அப்ளிகேசன் போடணும்னா கூட ப்ரவுசிங் சென்டர்ல போய் எவன்கிட்டயோ பாஸ்வேர்ட சொல்லிட்டு நிக்கிறீங்க. லேபு காலேஜுக்குத்தான, எங்க டிபார்ட்மெண்ட்டுக்கு மட்டுமா?"

மஞ்சு அசையவில்லை. "நான் ஊர் ஸ்டாப்பு. தெரியுமா?"

"தெரியும்."

"உன் கணக்குல நான் யாருக்குப் போடுறேன்?"

அனு பொய் சொல்லியிருக்கலாம். நான் எழுதியிருந்தால் ஓர் அழகான மழுப்பல் கொடுத்திருப்பேன். அவள் நேராகச் சொன்னாள்.

"விமல்ராஜுக்கு."

"என்ன கேக்காமயே போட்டுட்டியா?"

"நான் போடல. மாடல் போட்டுச்சு."

மஞ்சுவின் முகம் சிவந்துவிட்டது. "என் ஓட்டு எங்கப் போவும்னு எனக்கே இன்னும் தெரியல. எங்க ஏறுறேன்னு பாத்து மெஷின் சொல்லிடுமா? ஊட்ல எங்கண்ணன்தான் நான் இன்னா நெனைப்பேன்னு அவனே சொல்லிக்குவான். இப்ப இதுவுமா?"

அனு வாசலில் திரும்பினாள். "தப்புன்னு காட்டு" என்றாள். போய்விட்டாள்.

8

இங்கே ஒரு வில்லன் வர வேண்டும். மாடலின் முடிவைத் திரையிலிருந்து யாரோ படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். "காலேஜில் ஜாதிக் கணக்கு" என்று தலைப்பு வேறு. யார் செய்தது? கதை என்றால் நான் ஒருவரைப் பிடித்துக் கொடுத்திருக்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலை வேனில் ஆட்கள் வந்தார்கள். இந்தப் பக்கமும் வந்தார்கள், அந்தப் பக்கமும் வந்தார்கள். காவலாளி வாசல் கதவைச் சாத்தினார். மீனம்பாள் ஆஸ்பத்திரி உடுப்போடு நேராக வந்து மகளைத் தேடிப் பிடித்தார். என்ன திட்டப்போகிறாரோ என்று நின்றேன்.

"ஜெயிச்சாலும் ஊட்டுக்கு வா, தோத்தாலும் ஊட்டுக்கு வா. எவனாவது வழியில பேசினா நின்னு பதில் சொல்லாத. சாப்டியா?"

தாளாளர் அறையில் திரிசலா நின்றுகொண்டிருந்தார். நான் துணைக்குப் போனேன். (ஏசிக்கு அல்ல. நம்புங்கள்.)

"காலேஜுக்குள்ள ஜாதி இல்லம்மா" என்று ஜெயராமன் மேஜையைத் தட்டினார். "நீ எப்பிடி ஜாதிய எழுதலாம்?"

"ஜாதின்னு எங்கயும் எழுதல சார். பஸ் ஸ்டாப்னுதான் எழுதியிருக்கோம். ஜாதின்னு நீங்கதான் படிச்சீங்க."

 அவரும் ஏதோ ஒரு ஸ்டாப்பில் ஏறிப் படித்து வந்தவர்தான்.

"அந்தக் காலத்த எடுத்துடு" என்றார் கடைசியில், குரலை இறக்கி.

(அட்டவணையில் மேலிருந்து கீழே இறங்கும் பத்தியை இங்கே எல்லோரும் "காலம்" என்பார்கள். தமிழ் வாத்தியார் காதில் அது வேறு மாதிரி விழுந்து தொலைக்கிறது.)

"எடுக்க மாட்டேன் சார்."

"எடுக்கலன்னா எலெக்சனும் இல்ல, நீயும் இல்ல."

திரிசலா கைப்பையை எடுத்துவிட்டார். அப்போது வாசலில் அனு நின்றிருந்தாள். யார் கூப்பிட்டார்கள் என்று தெரியவில்லை.

"எடுத்துடுங்க மேடம்."

"அனு, நீ பேசாம இரு."

"நான்தான மேடம் அதைச் சேர்த்தேன்? நான் சொல்றேன், எடுத்துடுங்க. அந்தக் காலம் இருந்து எலெக்சன் இல்லன்னா எனுக்கு இன்னா லாபம்? நான் ஜெயிக்கணும் மேடம். எனுக்கு ஜெயிக்கணும்."

திரிசலா கைப்பையைக் கீழே வைத்தார். பிறகு லேபுக்குப் போய் அழித்தார். விசையைத் தட்டிவிட்டு என்னிடம் சொன்னார்: "ஒஹையோல வருசக்கணக்கா இனம்னு இருக்குற காலத்தைப் பாத்துதான் சம்பளம் வாங்கினேன் சார். அங்க யாரும் அழிக்கச் சொல்லல. யாரும் வெக்கப்படவும் இல்ல. எது மேல்னு எனக்குச் சொல்லத் தெரியல."

9

தேர்தல் நடந்தது. திரிசலா ஜைன முறைப்படி இருட்டுவதற்குள் சாப்பிட்டுவிடுகிற வழக்கம் உள்ளவர் என்பதால் எண்ணிக்கை வேகமாக நடந்தது. ஜனநாயகத்துக்கு இது நல்லது.

காமர்ஸ், ஆங்கிலம்: விமல்ராஜ். கணிதம், கம்ப்யூட்டர் சயின்ஸ்: அனு. எல்லாம் மாடல் சொன்னபடி. கடைசியில் தமிழ்த்துறைப் பெட்டி. சமம் என்று சொன்ன மாடல் இங்கே மண்ணைக் கவ்வியது; அனு வெகுதூரம் முந்தியிருந்தாள். ஊர் ஸ்டாப்புக்காரர்கள் பலர் அனுவுக்குப் போட்டிருந்தால்தான் அந்த எண்ணிக்கை வரும். காலனி ஸ்டாப்பிலும் சிலர் விமல்ராஜுக்குப் போட்டிருக்கலாம், யார் கண்டது. ஒரு வகுப்பே கோபத்தில் மெஷினுக்கு எதிராக ஓட்டுப் போட்டதா, லேபுக்காகப் போட்டதா, சமோசா ஆறிப்போயிருந்ததா என்று மஞ்சுவைக் கேட்டேன். "ரகசிய வாக்கெடுப்பு ஐயா" என்றாள்.

பென்சில்வேனியா அனுவுக்கு. ஆகவே தேர்தலும் அனுவுக்கு. ஆனால் மொத்த ஓட்டு விமல்ராஜுக்குத்தான் அதிகம்.

மைதானத்தில் பெரிய கூச்சல். "அதிகம் வாங்கினவன் தோப்பானா? போங்கு! போங்கு!" தாளாளர் திரிசலா பக்கம் திரும்பினார்.

"ரூல் இன்னா?"

"முன்னாடியே எல்லாருக்கும் சொன்னதுதான் சார்."

அவர் மைக்கைப் பிடித்தார். "டேய், திட்டுறதுன்னா அமெரிக்காவ திட்டுங்க. என்னத் திட்டாதீங்க. அனு ஜெயிச்சாச்சு."

கூச்சல் அடங்கவில்லை. அமெரிக்காவில் தோற்றவர்தான் முதலில் வந்து தோற்றேன் என்று சொல்வது வழக்கம் என்று திரிசலா சொன்னார். சட்டம் இல்லை, வழக்கம் மட்டும்தான், சொல்லாவிட்டால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. விமல்ராஜ் மேடை ஏறினான்.

10

முடிவு அ: விமல்ராஜ் கண் கலங்க, "அனுதான் எங்கள் தலைவர்" என்கிறான். கரகோஷம்.

இதைத்தான் எழுதி வைத்திருந்தேன். அனு படித்துவிட்டுத் தாளை மேஜையில் வைத்தாள்.

"கடைசில அவன் நல்லவன் ஆவுறதுக்கா ஐயா நான் ஜெயிச்சேன்?"

முடிவு ஆ: விமல்ராஜ் தோல்வியை ஏற்க மறுக்கிறான். கலவரம். கோட்டை பின்னணியில்—

"கோட்டைய வுடவே மாட்டீங்களா?"

சரி. நடந்ததைச் சொல்கிறேன். விமல்ராஜ் மைக் முன்னால் நின்றான். கீழே அவன் ஊர்ப் பையன்கள், "சொல்லாத மச்சான், சொல்லாத" என்று கத்தினார்கள். அவன், "நண்பர்களே, நான்" என்றான். அதற்கு மேல் வரவில்லை. நின்றான். 

அனு மேடை ஏறினாள். மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினாள்.

"அவன் சொன்னாதான் ஜெயிச்சேன்னு இல்ல. எண்ணியாச்சு. புதன்கிழமை மத்தியானத்துலேருந்து தமிழ்த்துறைக்கு லேப். அடுத்த வருசம் எலெக்சன் வந்தா மொத்த ஓட்டத்தான் எண்ணணும்னு முதல் தீர்மானம் போடுறேன். இது போங்குதான். எனுக்கும் தெரியும்."

போங்கு போங்கு என்று கத்தியவர்களுக்கு அதற்கு மேல் என்ன கத்துவதென்று தெரியவில்லை. மஞ்சு கை தட்டினாள். பிறகு சிலர் தட்டினார்கள். எல்லோரும் தட்டவில்லை.

விமல்ராஜ் மேடையை விட்டு இறங்கவில்லை. அவள் பேசி முடிக்கும்வரை பக்கத்திலேயே, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஏன் நின்றாய் என்று பிறகு கேட்டேன். "படி எந்தப் பக்கம் இருக்குதுன்னு தெரியல ஐயா" என்றான். என்ன சொல்ல வந்தாய் என்று கேட்டேன். அதற்குச் சிரித்துவிட்டுப் போனான். இருவரும் இப்போதும் ஒரே பெஞ்சில்தான் உட்காருகிறார்கள். முன்பு போல் பேசிக்கொள்வதில்லை. திரிசலாவின் பாடத்துக்கு அமெரிக்க அரசியலுக்குப் பதிலாக மழை அளவுப் புள்ளிவிவரம் கொடுக்கப்பட்டிருக்கிறது. அதில் எந்த ஸ்டாப் பக்கம் முதலில் வெள்ளம் ஏறுகிறது என்று அனு பார்க்க ஆரம்பித்திருக்கிறாள். தாளாளருக்கு இன்னும் தெரியாது.

ஆக, ஒரு வாக்கியம் மட்டும் பாதியில் நிற்கிறது. நான் முடித்து வைக்கட்டுமா என்று அனுவைக் கேட்டேன்.

"வேணாம் ஐயா. படிக்கிறவங்க முடிக்கட்டும். அவன் இன்னா சொல்லியிருப்பான்னு அவங்க எழுதுறத வச்சு, அவங்க எந்த ஸ்டாப்புன்னு நான் சொல்லிடுவேன்."

முடியாது என்று மஞ்சு மாதிரி உங்களுக்கும் கோபம் வரலாம். அப்படியானால் இதோ, இடம் விட்டிருக்கிறேன்.

"நண்பர்களே, நான்